கிருஷ்ணமணி விளித்த பேர்

பொன்னுலிங்கத்துக்கு அந்தக் குரல் முதன்முதலாகக் கேட்டபோது மத்தியானக் கஞ்சி குடித்த கை இன்னும் காய்ந்திருக்கவில்லை. தம்பி கிருஷ்ணமணியைப் புதைத்து அன்றைக்கு நாலாம் நாள். அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சும் ஓலைப்புரைக்குப் பின்னால் நிழல் கிடந்த இடத்தில் ஒரு தடித்துண்டைத் தலைக்குக் கொடுத்து மல்லாந்தான். விடிவதற்கு முன் தொடங்கி ஐம்பத்திரண்டு பனை ஏறி இறங்கிய உடம்பு. கண்ணை மூடியதும் முதுகுக்குக் கீழே தரை இல்லாததுபோல ஆயிற்று. தூங்கிவிட்டான் என்றும் சொல்லமுடியாது, விழித்திருந்தான் என்றும் சொல்லமுடியாது. அந்த நேரம் பார்த்து, இடது காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தம்பி விளித்தான்.

"முத்துநாயகம்!"

பொன்னுலிங்கத்தின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் அங்கே இல்லாத ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தன, கால் உதைத்ததில் கஞ்சிச் சட்டி உருண்டு உடைந்தது. அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி செல்லக்கனி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்னத்துக்கு இப்பிடித் துள்ளுதீங்க? பாம்பா?"

"இல்லட்டி. கிருஷ்ணமணி விளிச்சான்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெயிலும் பனைகளும்தான் நின்றன. "சடவுல கேக்குது. ரெண்டு ஆளுக்க மரத்தை ஒத்த ஆளு ஏறினா இதுவும் கேக்கும், இதுக்க மேலயும் கேக்கும். படுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் படுக்கவில்லை. காதுக்குள் அந்தப் பேர் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

கிருஷ்ணமணியின் தொண்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இத்தனை ரத்தத்துக்கும் அதுதான் காரணம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது, பங்குனி மாசம், அக்கானிக் காலம் உச்சத்தில் இருந்தது. சரல்விளை ஊரில் மரம் ஒருவருடையதாக இருக்கும், ஏறுகிறவன் வேறொருவனாக இருப்பான். ஒருநாள் ஊறுகிற அக்கானி ஏறுகிறவனுக்கு, மறுநாள் ஊறுவது மரத்துக்காரருக்கு. மரத்துக்காரர் முறை வருகிற நாளில் ஏறுகிறவன் உச்சியிலிருந்தே அவர் பேரைச் சொல்லி விளிப்பான். நாலு மரம் தள்ளிக் குடங்களோடு நிற்கும் அவன் பெண்டாட்டி, பேரைக் கேட்டு அந்த ஆளுடைய குடத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வருவாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமே இல்லைதான்.

மற்றப் பனையேறிகள் "ஞானதாசன் அண்ணாச்சிக்கு" என்று மரியாதையோடு சொல்வார்கள். கிருஷ்ணமணிக்கு அதெல்லாம் ஒத்துவராது. உச்சியில் நிற்கிறவனுக்கு மூச்சைச் செலவழிக்கக் கட்டாது என்பான். வெறும் பேர்தான். முதல் மரத்தில் முத்துநாயகம், அடுத்ததில் ஞானதாசன், அதற்கடுத்து நேசம்மா, அப்புறம் குமாரதாஸ் என்று இருபத்துநாலு மரத்துக்கும் வரிசை மாறாமல் விளிப்பான். மண்டைக்காட்டுக் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களுக்கே அது கேட்கும். "இண்ணு முத்துநாயகத்துக்க முறையாக்கும்" என்று அவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

முத்துநாயகத்துக்கு அது சிரிப்பாக இல்லை. சபையில் முதல் பெஞ்சுக்காரர், அறுபதை நெருங்கியவர், ஊரே ஐயா என்று கூப்பிடும் ஆள். அப்படிப்பட்டவருடைய மகளைப் பெண் பார்க்க நெய்யூரிலிருந்து ஆட்கள் வந்து, காப்பியை வாயில் வைத்த நேரத்தில், வீட்டுக்கு நேர் பின்னால் நின்ற பனையின் உச்சியிலிருந்து "முத்துநாயகம்!" என்று ஒரு சத்தம் விழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், "ஆருவே அது, ஒம்மள மாடு மேய்க்க விளிக்க மாதிரி விளிக்கது?" என்று கேட்டுவிட்டான். வந்தவர்கள் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் முத்துநாயகம் பின்கட்டுக்குப் போய், காய்ந்து கிடந்த கருக்குமட்டை ஒன்றை எடுத்தார். பனைமட்டையின் இரண்டு விளிம்பிலும் ரம்பப்பல்லாகக் கருக்கு இருக்கும், சும்மா தொட்டாலே தோலைக் கிழிக்கும். மரத்திலிருந்து இறங்கிய கிருஷ்ணமணி காலிலிருந்த திளாப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த நார்வளையத்தோடு ஓடவும் முடியவில்லை. முத்துநாயகம் தோளில் அடித்தார், முதுகில் அடித்தார், விழுந்த பிறகு முகத்தில் அடித்தார். சட்டையில்லாத உடம்பில் ஒவ்வொரு அடிக்கும் சதை பிய்ந்து வந்தது. கிருஷ்ணமணியின் பெண்டாட்டி சொர்ணம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"இந்தத் தொண்டையோட நீ இதே மரத்திலேருந்து விழுந்து சாவலே!" என்று முத்துநாயகம் மூச்சிரைக்கச் சொன்னார். அதை எட்டுப் பேராவது கேட்டார்கள்.

பொன்னுலிங்கம் பாளை அரிவாளோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் நேராக முத்துநாயகத்தின் வீட்டை நோக்கித் திரும்பினான். தம்பிதான் அவன் இடுப்பைப் பிடித்து நிறுத்தினான், வீங்கிய உதட்டோடு சிரிக்க வேறு செய்தான்.

"விடு அண்ணே. அவருக்க பேரைத்தானே சொன்னேன், வேற ஆருக்க பேரையும் சொல்லல்லியே."

பொன்னுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தன் முதுகில் ஏறி வளர்ந்த பயல், தன் கண் முன்னால் நாயடி பட்டுக் கிடந்தான். அன்றைக்கு அடக்கிய ஆத்திரம் அடங்கியதாக அவனும் நினைத்தான், செல்லக்கனியும் நினைத்தாள்.

சரியாகப் பதினோராம் நாள், கிழக்கு வெளுக்கிற நேரம், முத்துநாயகத்தின் மரத்திலிருந்து கிருஷ்ணமணி விழுந்தான். அதுதான் அவன் முறையில் முதல் மரம். ஆள் விழுந்த சத்தம் தேங்காய் விழுந்த சத்தத்தைவிடச் சின்னதாகத்தான் இருந்தது என்று சொர்ணம்மாள் பிறகு சொன்னாள். கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த அரிவாள்பெட்டியிலிருந்து அரிவாள் நழுவி அவன் தொடையிலேயே பிடிவரைக்கும் இறங்கியிருந்தது. கால்களில் திளாப்பு அறுந்து தொங்கியது.

ஊர் உடனே முத்துநாயகத்தின் சாபத்தைப் பற்றிப் பேசியது. பொன்னுலிங்கம் ஒரு படி மேலே போனான். "இது அறுந்ததில்ல. ஆரோ அறுத்து வச்சிருக்கான்," என்று அந்த நார்த்துண்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான். மரத்துக்காரன்தானே மரத்தடியில் கிடக்கிற சாமானைத் தொடமுடியும் என்றும் சொன்னான். துக்கத்தில் பேசுகிறவனிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

ஆனால் அவன் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டு பேருடைய திளாப்பும் ஓலைப்புரையில் ஒரே ஆணியில்தான் தொங்கும். கிருஷ்ணமணியுடையது புதுசு. சொர்ணம்மாள் நார் உரித்து முடைந்து, அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியைச் சுற்றியிருந்தாள். பொன்னுலிங்கத்துடையது மூன்று வருஷப் பழசு. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாள் போயிற்று. தம்பி விழுந்த அன்றைக்கு அவன் நேரம் தெரியாமல் சீக்கிரமே எழுந்து, தூக்கக் கலக்கத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பாதி மரம் ஏறியபோது காலில் சிவப்புத் துணியைப் பார்த்தான். திரும்பப் போய்க் கொடுக்கச் சோம்பல். ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று ஏறிவிட்டான். நாலாவது மரத்தில் இருக்கும்போது சொர்ணம்மாளின் அலறல் கேட்டது. தம்பி காலில் அறுந்து தொங்கிய பழசில் சிவப்புத் துணி இல்லை என்பதை அந்த அமளியில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் திளாப்பை அன்றைக்கே புரையின் கூரை ஓலைக்குள் சொருகி ஒளித்தான். செல்லக்கனிக்குத் தெரியாது, சொர்ணம்மாளுக்கும் தெரியாது. ராவும் பகலும் அது தலைக்கு மேலேதான் இருந்தது. இந்த மாதிரி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை நாள் மூச்சு விடமுடியும்? குற்றத்தை வாங்கிக்கொள்ள வேறொரு ஆள் வேண்டியிருந்தது. குரல் அந்த ஆளின் பேரைச் சொன்னது.

மரத்திலிருந்து விழுந்து செத்தவன் பதினாறு நாள் அந்த மரத்தடியை விட்டுப் போகமாட்டான், அதற்குள் தன் ரத்தத்தில் ஒருவன் காதில் சொல்லவேண்டியதைச் சொல்வான் என்று பனையேறிகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. சொன்னதைச் செய்யாவிட்டால் அந்த மரத்திலேயே தங்கிவிடுவானாம், வெயிலிலும் மழையிலும் இறங்க வழியில்லாமல். குரல் கேட்ட நாலாம் நாளிலிருந்து பொன்னுலிங்கம் விரல் மடக்கத் தொடங்கினான். பதினாறுக்குள் முத்துநாயகத்தை வெட்டவேண்டும், இல்லையென்றால் தம்பிக்குக் கதி இல்லை. அவன் மனசில் வேறு எதுவும் மிஞ்சவில்லை.

குரல் தவறாமல் வந்தது. விடியலிலும் சாயங்காலத்திலும் ஐம்பத்திரண்டு மரம், நடுவில் பாளை சீவ, கலயம் கழுவ, விறகு பிளக்க என்று மனுஷன் ஓய்ந்து சாய்ந்தால், கண் சொருகும் வேளையில் முதலில் குடத்தில் அக்கானி விழும் சத்தம் கேட்கும். பிறகு பனையோலை உரசும். பிறகு காதுக்குள் "முத்துநாயகம்!" என்று தம்பி விளிப்பான். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு பேரோடு உடம்பு துள்ளி விழித்துக்கொள்ளும். அதற்கு மேல் தூக்கம் கிடையாது. நாளாக நாளாக அவனுக்கு அது ஒரு பசியாகவே ஆகிவிட்டது. குரலைக் கேட்பதற்காகவே படுத்தான். அந்த ஒரு நொடியில் மட்டும் கிருஷ்ணமணி சாகாமல் இருந்தான். அதற்காக எத்தனை தடவை துள்ளி விழுந்தாலும் அவனுக்குச் சம்மதமாக இருந்தது.

பத்தாம் நாள் அவன் அரிவாள் தீட்டுவதைச் செல்லக்கனி பார்த்தாள். பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, பாளை சீவுவதற்குத் தீட்டுவதைவிட இரண்டு மடங்கு நேரம் தீட்டினான். மயிர் மழிக்கிற பதத்துக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"ஆரை வெட்டுகதுக்கு?" என்று நேராகவே கேட்டாள்.

"தம்பி பேரு சொல்லுதான். தெனமும் சொல்லுதான்."

"கொழுந்தன் உசிரோட இருந்தப்பளும் அந்தப் பேரைத்தானே மொதல்ல சொன்னாரு? பன்னிரண்டு வருசமாட்டு கேட்ட சத்தம், ஒங்க காதுல ஒறஞ்சு கெடக்கு. எனக்கும்தான் கேக்குது. அடுப்புக்க முன்ன இருந்து கண்ணு சொருவும்போ எனக்க அம்மை, 'ஏட்டி கனி, அக்கானி பொங்குது'ண்ணு விளிக்கா. அம்மை செத்து எட்டு வருசமாச்சு. அதுக்காவ நான் ஆரை வெட்ட?"

அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அறைந்த அறையில் அவள் உதடு பல்லில் கிழிந்தது. இரண்டாவது அடிக்கு அவள் அடுப்பின் மேலேயே சரிந்தாள். கொதித்துக் குறுகிக்கொண்டிருந்த பாகு தெறித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒட்டியது. கருப்பட்டிப் பாகு பட்டால் துடைக்கமுடியாது, துடைத்தால் தோலும் கூடவே வரும். அவள் கையைக் குடத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அவனைப் பார்த்தபடி இருந்தாள். அழவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவன் அடித்திருக்கமாட்டான். உண்மை என்று எங்கேயோ தெரிந்ததனால்தான் அவ்வளவு பலமாக அடித்தான். பாவி, அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் முத்துநாயகத்தின் மரத்து உச்சியில் மட்டையில் கால் ஊன்றி நின்றுகொண்டே கண்ணை மூடிவிட்டான். மூடியது ஒரு இமைப்பொழுதுதான். பேர் கேட்டது. விழித்தபோது ஒரு கை காற்றில் இருந்தது. கலயம் நழுவி முப்பது முழம் கீழே போய்த் தூளானது. மரத்தை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டான். நெஞ்சுத் தோல் சிராய்த்து ரத்தம் வழிந்தது. என்னையும் கூப்பிடுகிறான், இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று அதற்கும் அவனே ஓர் அர்த்தம் சொல்லிக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் வந்தது. மறுநாள் பதினாறாம் நாள் சடங்கு, அந்த அடியந்திரத்துக்கு அரிசியும் காயும் வந்து இறங்கியிருந்தன. சொர்ணம்மாள் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். பொன்னுலிங்கம் கஞ்சியைத் தொடாமல் புரைக்குப் பின்னால் போய்ப் படுத்தான். ஒரு தடவை கேட்டுத் துள்ளினான். திரும்பப் படுத்தான், திரும்பக் கேட்டது. மூன்றாம் தடவையும் அதே பேர். எழுந்து அரிவாளை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வெயிலில் நடந்தான்.

அவன் முத்துநாயகத்தின் வீட்டுக்குத்தான் புறப்பட்டான். போகிற வழியிலேயே, அந்த மரத்தடியில் ஆள் இருந்தது. முத்துநாயகம் தலைத்துண்டை எடுத்துவிட்டு, கிருஷ்ணமணி விழுந்து கிடந்த அதே இடத்தில் முழங்காலில் நின்றார். கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் ஒரு குலை வாழைக்காயும் ஒரு பெரிய பூசணிக்காயும் இருந்தன, மறுநாள் அடியந்திரத்துக்கு. பொன்னுலிங்கம் வந்த காலடி அவருக்குக் கேட்கவில்லை.

"நான் செய்த பாவத்தை எனக்க மேல வையாதேயும் கர்த்தாவே," என்று அவர் முணுமுணுத்தார். "அந்தப் பயலுக்க ரத்தத்தை எங்கிட்ட கேக்காதேயும்."

வாயால் சொன்ன ஒரு சாபத்துக்காக ஒரு கிழவர் பதினைந்து நாள் உறங்காமல் கிடந்து, கடைசியில் வெட்கத்தை விட்டு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். பொன்னுலிங்கத்துக்கு அது ஒப்புதலாகக் கேட்டது. ஒரு ஆளைக் கொல்ல முடிவு செய்தவனுக்கு அந்த ஆள் என்ன சொன்னாலும் அப்படித்தான் கேட்கும்.

முதல் வெட்டு தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் விழுந்தது. முத்துநாயகம் கண்ணைத் திறந்து, வலியைவிட ஆச்சரியத்தோடு அவனைப் பார்த்தார்.

"ஏலே பொன்னு... என்னத்துக்குலே?"

இரண்டாவது வெட்டுக்குக் கையைத் தூக்கினார். மூன்று விரல்கள் மண்ணில் விழுந்தன. மூன்றாவது வெட்டு எங்கே பட்டது என்று பொன்னுலிங்கத்துக்குத் தெரியாது, அதற்கப்புறம் அவன் எண்ணவில்லை. பாளை சீவிச் சீவிப் பழகிய கை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாதவரைக்கும் ஒரே தாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வாழைக்குலை ரத்தத்தில் நனைந்தது. கடைசியில் அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்போதுதான் விட்டான்.

அவன் ஓடவில்லை. மரத்தில் முதுகைச் சாய்த்து, "போயிரு மக்கா, இனி எறங்கிப் போயிரு," என்று மேலே பார்த்துச் சொன்னான்.

முதலில் வந்தது முத்துநாயகத்தின் மகன் தேவகுமார். அப்பனைப் பார்த்தவன் ஒரு சத்தம் போட்டான், அது மனுஷச் சத்தமாகவே இல்லை. கையிலிருந்த மண்வெட்டிக் காம்பால் பொன்னுலிங்கத்தின் முகத்தில் அடித்தான். பல்லும் ரத்தமும் சேர்ந்து வந்தன. பிறகு ஊர் வந்தது. கம்பும் கல்லும் காலுமாக ஆளாளுக்கு அடித்தார்கள். ஒரு விலா எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவன் கையைத் தூக்கவே இல்லை. அடுத்த மரத்துக்காரரான டீக்கடை ஞானதாசன்தான் நடுவில் விழுந்து, "கொல்லாதீங்கலே, போலீசு வரட்டும்!" என்று கத்தினார். அவர் முதுகிலும் நாலு அடி விழுந்தது. கடைசியில் கயிறு கொண்டு வந்து, பொன்னுலிங்கத்தை அந்த மரத்தோடேயே சேர்த்துக் கட்டினார்கள்.

போலீசுக்கு ஆள் போயிருந்தது. முத்துநாயகத்தை ஒரு பாயில் எடுத்துக்கொண்டு போனார்கள். தேவகுமாரை நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. வெயில் மேற்கே சாய்ந்தது. பொன்னுலிங்கத்துக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, மற்றதை அவனே மூடினான். நாள்கணக்கில் உறங்காத உடம்பு. அதில் இப்போது துள்ளுவதற்குக்கூடத் தெம்பு இல்லை, துள்ளினாலும் கயிறு விடாது.

குடத்தில் அக்கானி விழுந்தது. ஓலை உரசியது.

"முத்துநாயகம்!" என்றது குரல்.

இந்தத் தடவை அவன் விழிக்கவில்லை. அதனால் குரல் நிற்கவில்லை.

"ஞானதாசன்!"

அதே தொண்டை, அதே இழுப்பு. கோபம் இல்லை, வருத்தம் இல்லை. மரத்திலிருந்து இறங்கி அடுத்த மரம் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, "நேசம்மா!" என்றது. பிறகு "குமாரதாஸ்!" என்றது. கட்டியிருந்த பொன்னுலிங்கத்தின் பாதங்கள் இரண்டும் திளாப்புக்குள் இருப்பதுபோல ஒன்றோடொன்று சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு மரத்தையும் அவன் காலுக்குத் தெரியும், பதினைந்து நாளாக அவன்தானே ஏறினான். வரிசை மாறவில்லை. ஒரு பேரும் விட்டுப்போகவில்லை. வேலைக்குப் போன தம்பி தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார்மேலும் அவனுக்கு ஒரு வழக்கும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே செல்லக்கனி நின்றாள். புண்பட்ட கையில் வாழையிலை சுற்றியிருந்தது. பத்தடி தள்ளி ஞானதாசன் காவலுக்குக் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

"கனி."

அவள் கிட்டே வந்தாள்.

"முத்துநாயகத்துக்க மரத்துக்கு அடுத்த மரம் ஆருக்கதுட்டி?"

பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். "ஞானதாசன் அண்ணாச்சிக்க மரம்."

"அதுக்கடுத்தது?"

"நேசம்மாளுக்கது."

"அதுக்கடுத்தது?"

"குமாரதாசுக்கது. நீங்கதானே தெனமும் ஏறுதீங்க, எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"வரிசையாட்டு விளிச்சான் கனி. எல்லாருக்க பேரையும் விளிச்சான். நான்தான் ஒவ்வொரு வட்டமும் முதல் பேருலயே முழிச்சிட்டேன்."

அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்ல எல்லா உரிமையும் அந்தக் கையில் இருந்தது. ஆனால் மரத்தடியில் குத்தவைத்து, ரத்தத்தில் கிடந்த வாழைக்குலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் அழத் தொடங்கினான். உடைந்த விலா எலும்பு அழவிடாமல் குத்தியது, குத்தக் குத்த அழுதான். தம்பிக்காக அழுதானா, கிழவருக்காக அழுதானா என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. ஞானதாசன் எழுந்து நின்றார்.

"கனி, கேளு," என்றான் அவசரமாக. "புரைக்க கெழக்கு மூலையில, கூரை ஓலைக்குள்ள ஒரு திளாப்பு இருக்கு. செவப்புத் துணி சுத்தினது."

அவள் தலையைத் தூக்கினாள்.

"எடுத்துச் சொர்ணத்துக்கிட்ட குடு. கண்டா அவளுக்குத் தெரியும். அண்ணைக்கு விடியலில அது எனக்க காலுலதான் கெடந்துதுண்ணு சொல்லு."